அரைச் சுற்று

முதுகுவலி எப்போது ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் சோடாபுட்டி, "லேப்ல நாற்காலி மாத்தினப்போ" என்பாள். மாற்றினார்கள் என்றால் புதிதாக வாங்கினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்களின் நாற்காலிகளில் கால் உடையாததாகப் பொறுக்கி, மிச்சம் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இவளுக்கு வாய்த்தது ஒருக்களித்துச் சாய்ந்த நாற்காலி. பகல் முழுக்க அதில் உட்கார்ந்து எழுந்தால் ஆளும் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

சோடாபுட்டி என்பது நாத்தனார் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த அன்றே, மூக்கின் மேல் கனத்து உட்கார்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, பொண்ணு பார்க்கப் போன இடத்துல சோடாபுட்டியத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள். வந்தவள் அசரவில்லை. "பார்த்துப் புழங்குங்க அண்ணி, ஒண்ணுதான் இருக்கு, உடைஞ்சா வேற கிடையாது" என்றாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான். தம்பிக்காரன் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். வாய் அதிகம் கிடையாது. அக்காளும் பொண்டாட்டியும் கூட்டணி வைத்துத் தன்னைக் கலாய்ப்பதைக் கேட்டபடி சாப்பிட்டுவிட்டுப் போவான்.

நாத்தனார் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள். பிள்ளை குட்டி இல்லை. துணி கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சோடாபுட்டிக்கும் ஏறக்குறைய அதே பிழைப்புதான். பெண்களின் கருப்பை வாயிலிருந்து தடவி எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயமேற்றி, டிரே டிரேயாக லேபுக்கு அனுப்புவார்கள். ஸ்லைடு என்பார்கள் அதை. மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்து, கெட்ட செல் தென்பட்டால் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்தது டாக்டரம்மாவிடம் போகும். புள்ளியில்லாதது "இயல்பு" என்று வீட்டுக்குப் போகும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு ஸ்லைடு என்பது உள்ளே இறங்கிப் பார்த்தால் ஒரு ஊர். நீலமும் ரோஸுமாக ஆயிரக்கணக்கில் செல்கள், சளி, ரத்தம், தூசி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கெட்டவை அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் நாலே நாலு இருக்கும். வீடு துடைக்கிற மாதிரி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய், திரும்பி, போன தடத்தின் மேல் பாதி ஏறினாற்போல அடுத்த தடம் வர வேண்டும். அதற்குத்தான் மைக்ராஸ்கோப்பில் திருகு. தடம் முடிந்ததும் அரைச் சுற்று, மறுபடி தடம், மறுபடி அரைச் சுற்று. வேலை பழகவந்த காலத்தில் சோடாபுட்டி தூக்கத்தில்கூட விரலை அரைச் சுற்றுத் திருப்புவாள் என்று புருஷன் சொல்லுவான்.

அப்போது அறை நிறைய ஆள் இருந்தது. ஒருத்தர் பார்த்து இயல்பு என்று வைத்ததில் கொஞ்சத்தை இன்னொருத்தர் எடுத்து மறுபடி பார்ப்பார். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று இடையிடையே எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று டீ குடிப்பார்கள். பிறகு ஒருத்தி வெளிநாடு போனாள். ஒருவர் ஓய்வு பெற்றார். இரண்டு பேர் தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். காலியிடத்தை நிரப்புவோம் என்று மேலிடம் சொன்னது. சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் மிஞ்சியது இவளும் தைலக்காரரும். கழுத்தில் தைலம் தேய்க்காமல் அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து யாரும் பார்த்ததில்லை. சாய நெடியையும் தாண்டி அறையில் அந்தத் தைல வாசனைதான் நிற்கும்.

"கழுத்தெலும்பு தேய்ஞ்சு போச்சாம்மா," என்றார் ஒருநாள். "தேய்ஞ்சது திரும்ப வளருமா டாக்டர்னு கேட்டேன். குனியாம வேலை பாருங்கன்னாரு. குனியாம பார்க்குற மைக்ராஸ்கோப்ப எந்தக் கடையில விக்கிறான்னு கேட்டேன். அடுத்த பேஷண்ட்டக் கூப்பிட்டுட்டாரு."

ஒரு ஆள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பார்க்கலாம் என்று அச்சடித்த தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. அதன் மேலேயே காலண்டரை மாட்டிவிட்டார் லேப் இன்சார்ஜ். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் முகம் வெளிறி வந்து நிற்பார்.

"மேல இருந்து போன் மேல போன்மா. பெண்டிங் எவ்வளவு, பெண்டிங் எவ்வளவு, இதேதான் கேக்குறாங்க. பார்க்குறதுக்கு யாரு இருக்கான்னு ஒருத்தராவது கேக்கணுமே! கொஞ்சம் பார்த்து முடிச்சுக் குடுங்கம்மா."

முடித்துக் கொடுத்தார்கள். மறுபார்வையைத் "தற்காலிகமாக" நிறுத்தினார்கள். டீயை மேஜைக்கே வரவழைத்தார்கள். அப்படியும் டிரே குறையவில்லை. எப்போதிலிருந்து என்று சோடாபுட்டிக்கே தெரியாது, அவள் விரல் அரைச் சுற்றை விட்டுவிட்டு முழுச் சுற்றுக்குப் போயிருந்தது. முழுச் சுற்றுத் திருப்பினால் ஒரு ஸ்லைடு பாதி நேரத்தில் முடியும். போன தடத்துக்கும் வந்த தடத்துக்கும் நடுவே நூலிழை மாதிரி ஒரு சந்து பார்க்கப்படாமல் கிடக்கும். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்று சொல்லவும் ஆளில்லை.

இந்த நாட்களில்தான் நாத்தனாரைச் சோதனைக்குக் கிளப்ப வேண்டியிருந்தது. துணி கம்பெனி வாசலிலேயே ஒரு வேனை நிறுத்தி முகாம் போட்டார்கள். நாத்தனார் மசியவில்லை.

"கண்ட கண்ட ஆளு பார்க்குறதுக்கா நான் இந்த உடம்ப வச்சிருக்கேன்? போடி."

"எடுக்குறது நர்ஸம்மா அண்ணி. பொம்பளதான். கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எடுத்தத யாரு பார்ப்பா?"

"நாங்கதான்."

"நாங்கன்னா? அந்தத் தைலக்கார ஆளா?"

சோடாபுட்டி கொஞ்சம் தயங்கினாள். சொந்தக்காரர்களுடைய ஸ்லைடைப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்தப் பிடிவாதக்காரியை வேனில் ஏற்ற வேறு வழியும் தெரியவில்லை.

"நான்தான் அண்ணி பார்ப்பேன். போதுமா?"

"அப்படிச் சொல்லு," என்று எழுந்தாள் நாத்தனார். எழுந்தவள் தனியாகவும் போகவில்லை. செக்கிங் மேஜையில் கூட வேலை பார்க்கிறவர்கள், பொத்தான் வைக்கிறவர்கள், இஸ்திரிக்காரி, எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "என் தம்பி பொண்டாட்டிதான் பார்க்குறா. அவ கண்ணுல ஒண்ணும் தப்பாது. வாங்கடி!" என்று வேன் வாசலில் நின்று கூவினாளாம். முகாமுக்குப் போன நர்ஸ், இந்த மாதிரி ஒரு ஆளை ஊருக்கு ஒன்று கொடுத்தால் தேவலை என்று லேபில் வந்து சொன்னாள்.

சோடாபுட்டி இன்சார்ஜிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த ஸ்லைடு வந்தால் தைலக்காரருக்குத் தள்ளிவிடச் சொன்னாள். ஆகட்டும் என்றார். முகாம் ஸ்லைடுகள் பழைய டிரேக்களுக்குப் பின்னால் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. அவற்றின் முறை வந்த சமயம் தைலக்காரருக்கு வலது கை மரத்துப்போய், லீவில் போனார். அவர் மேஜையில் இருந்த டிரேக்கள் அப்படியே இவள் மேஜைக்கு நகர்ந்தன. ஸ்லைடில் பேர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்று பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை.

ரிசல்ட் போனில் வந்தது. இயல்பு. நாத்தனார் கம்பெனியில் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். அவளோடு போன எல்லாருக்கும் இயல்பு. வீட்டுக்கு ஒரு கேக்கும் வந்தது. வெட்டி முதல் துண்டைச் சோடாபுட்டியின் வாயில் திணித்தாள். தைலக்காரர் லீவுக்கு முன்னால் பார்த்து வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு இவளும் மென்று விழுங்கினாள்.

மழைக்காலம் வந்தது. துணி காயவில்லை. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான நாத்தனார் பழையபடி துணி வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும், அதை ஒளித்து ஒளித்து அலசிப் போட்டதும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் நாற்காலியை விட்டு எழுந்தபோது பக்கத்துச் சீட்டுக்காரி சேலையில் கறையைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"ஏன் அண்ணி சொல்லல? எத்தனை நாளா இருக்கு?" என்று கத்தினாள் சோடாபுட்டி.

"எதுக்குக் கத்துற? அதான் நல்லா இருக்குன்னு ரிசல்ட் வந்துடுச்சே. நீ பார்த்ததுதானே. உடம்புச் சூடா இருக்கும்னு விட்டுட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்றார்கள். கருப்பை வாயைத் தாண்டி இடுப்புப் பக்கத்திலும் பற்றியிருந்தது. அறுப்பதற்கில்லை, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, மருந்தும் ஏற்றிப் பார்ப்போம் என்றார்கள். டாக்டரின் பேச்சு தன்மையாகத்தான் இருந்தது. "அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு நாள் வேலையா முடிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை சோடாபுட்டியின் காதிலேயே குடியிருந்தது.

நோய் என்று உறுதியானால் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து மறுபடி பார்ப்பது வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வந்ததும், லீவு முடிந்து வந்திருந்த தைலக்காரரிடம் அந்த வேலையைக் கொடுத்தார் இன்சார்ஜ். சோடாபுட்டி தன் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த ஸ்லைடில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பின்னால் அவருடைய திருகு திரும்புகிற மெல்லிய ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து நின்றது. பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"இங்க வாம்மா," என்றார்.

"இருக்கா சார்?"

"வந்து பாரு."

குனிந்து பார்த்தாள். நீலம் கறுத்து, கரு பெருத்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு செல்கள் சின்னக் கூட்டமாக நின்றன. பாடம் நடத்துவதற்கு எடுத்து வைக்கலாம், அவ்வளவு தெளிவு. விரல் தன்னால் திருகைத் தொட்டது. ஒரு முழுச் சுற்று. கூட்டம் மறைந்தது. பழைய இடத்துக்கு வந்து, பின்னால் ஒரு முழுச் சுற்று. அந்தப் பக்கமும் இல்லை. இரண்டு தடத்துக்கும் நடுவில், சரியாக அந்தச் சந்தில் உட்கார்ந்திருந்தன.

"யாரு பார்த்தது சார் இது? நீங்க லீவுக்கு முன்னாடி..."

தைலக்காரர் ஸ்லைடை எடுத்து ஓரத்தைக் காட்டினார். பார்த்தவர் அடையாளத்துக்கு ஓரத்தில் ஒரு கீற்று போடுவது உண்டு. அவருடையது சிவப்பு, இவளுடையது பச்சை. பச்சைக் கீற்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அடுத்தடுத்த நம்பர்கள் அத்தனையிலும் பச்சைக் கீற்றுதான்.

சோடாபுட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தைலக்காரர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி அவளைப் பார்த்தார்.

"நானும் முழுச் சுற்றுதாம்மா திருப்புறேன்," என்றார். "எந்திரி. யாராவது வந்துடப் போறாங்க."

இன்சார்ஜ் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். மேலே எழுதித்தான் ஆக வேண்டும், எழுதுகிறேன், பதில் வர நாளாகும், அதுவரை வீட்டில் வாயைத் திறக்காதே என்றார். "நீயும் போயிட்டேன்னா இவரு ஒருத்தர்மா. இவருக்கும் கழுத்து ஆபரேஷன். நான் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். பிளக்கில் மாட்டிய டெஸ்டரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். பிறகு டெஸ்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் செருகினான்.

"அக்காகிட்ட சொல்லாத."

"எப்படிங்க சொல்லாம இருக்குறது? தினம் என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் கரண்ட் வைக்க வருது."

"அதுக்குத்தான் சொல்லாதங்குறேன். உன்னை நம்பித்தான் அது ஆஸ்பத்திரிப் படியே ஏறுது. அந்த நம்பிக்கையும் போச்சுன்னா நாளைக்கே வர மாட்டேன்னு படுத்துக்கும். அதோட பிடிவாதம் உனக்குத் தெரியாதா? உன் மனசு லேசாகுறதுக்கு அது உசுர விடணுமா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அன்றிலிருந்து கரண்ட் வைக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் நாத்தனார் அவள் தோளில் சாய்ந்துகொள்வாள். "இந்தச் சோடாபுட்டி மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்வாள். சோடாபுட்டிக்குத் தோள் எரியும். வீட்டுக்கு வந்து கஞ்சியைக் கரைத்துக் கொடுப்பாள். நாத்தனார் பாதி குடித்துவிட்டு வாந்தியெடுப்பாள். கழுவிவிட்டு லேபுக்கு ஓடினால், பாதி நாள் லீவு என்று டிரே குறைவாகவா வைக்கப்போகிறார்கள்? மேஜையில் அதே உயரத்துக்கு அடுக்கியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டிருந்தது. நாத்தனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், ஒவ்வொன்றையும் திருப்பித் தையலைப் பார்த்துத்தான் மடிப்பாள். தம்பியின் சட்டையில் அக்குள் பக்கம் பிரிந்திருந்ததைக் கண்டுபிடித்து, "பாரு, மூணு தடவ போட்டுட்டான், ஒரு வார்த்த சொல்லல" என்று தனியாக எடுத்து வைத்தாள். அந்தச் சட்டையைப் பார்த்ததும் சோடாபுட்டிக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். மூஞ்சியப் பார்த்தா நான் செத்துப்போன மாதிரியில்ல இருக்கு."

"அந்த மொத ரிசல்ட்... நல்லா இருக்குன்னு வந்ததே. அது நல்லா இல்ல அண்ணி. அப்பவே இருந்திருக்கு. விட்டுட்டாங்க." உடனே திருத்தினாள். "விட்டுட்டேன். நான்தான் பார்த்தேன்."

நாத்தனார் மடித்ததை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நீதான் பார்ப்பேன்னு சொன்னியே."

"அன்னிக்குச் சொன்னது பொய். சொந்தக்காரங்களோடத பார்க்கக் கூடாது. உங்கள வர வைக்கத்தான் சொன்னேன். ஆனா ஆளு இல்லாம எல்லாம் என்கிட்டயே வந்துடுச்சு. உங்களோடதுன்னு தெரியாமலே பார்த்திருக்கேன்."

"பார்த்துமா தெரியல?"

சோடாபுட்டி தடத்தைச் சொன்னாள். அரைச் சுற்றையும் முழுச் சுற்றையும் சொன்னாள். விரலால் கட்டில் விரிப்பில் கோடு போட்டுக் காட்டினாள். நாத்தனார் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையப் பார்த்துட்டுக் காலரப் பார்க்காம விடுற மாதிரி," என்றாள்.

"ஆமாண்ணி."

"நானும் விட்டிருக்கேன். மதியத்துக்கு மேல எல்லாத் தையலும் நேராத்தான் தெரியும்." மூச்சு வாங்கியது. "எங்க கம்பெனியில விட்டா சட்டை திரும்பி வரும்டி. திட்டுவாங்க. பிரிச்சுத் தைப்போம். என்னைப் பிரிச்சுத் தைப்பியா நீ?"

சோடாபுட்டி அவள் காலைத் தொடப் போனாள். நாத்தனார் காலை இழுத்துக்கொண்டாள்.

"வெளிய போ."

சோடாபுட்டி அடுக்களையில் நின்று அழுதாள். அழுகை என்றால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுத அழுகை. புருஷன் வந்து வாசற்படியில் நின்றான். சொல்லிவிட்டாயா என்று கேட்கவில்லை. பால் பொங்கிக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுப் போனான்.

உச்சி வெயில் ஏறின பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏய், இங்க வா."

சோடாபுட்டி என்று கூப்பிடவில்லை. போய்க் கதவோரம் நின்றாள். நாத்தனார் சுவர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அதுல என் பேரு இருந்துச்சா?"

"இல்ல. நம்பர்தான்."

"பேரு இருந்திருந்தா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு வந்தது. எந்த ஸ்லைடையும் ஒரே மாதிரித்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

"அரைச் சுற்று திருப்பியிருப்பேன் அண்ணி," என்றாள். "அங்குலம் அங்குலமாப் பார்த்திருப்பேன்."

நாத்தனார் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் இப்போது கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

"அன்னிக்கு என்கூட வேன்ல ஏறினாளுங்களே. அவளுங்களோடது?"

"அடுத்தடுத்த நம்பரு. ஒரே டிரே."

"யாரு பார்த்தா?"

"நான்தான்."

"அவளுங்க பேரும் இல்லையே அதுல!" நாத்தனார் எழுந்து உட்கார முயன்றாள். தலை சுற்றிக் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். "அடிப் பாவி, நான்ல கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். தப்பாதுன்னு நான்ல சொன்னேன். அந்த இஸ்திரிக்காரிக்குச் சின்னப் புள்ளைங்கடி! போன எடு."

"அண்ணி, இன்சார்ஜ் சொல்ல வேண்டாம்னு..."

"எடுங்குறேன்!"

எடுத்துக் கொடுத்தாள். நாத்தனாரே நம்பரைப் போட்டாள். இஸ்திரிக்காரி எடுத்தாள் போலிருக்கிறது. நாத்தனார் குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"நான்தான்டி. இருக்கேன், இருக்கேன், போயிடல. நான் சொல்றதக் கேளு. அன்னிக்கு வேன்ல குடுத்தோமே, நல்லா இருக்குன்னு வந்துச்சே. அத நம்பாத. எனக்கும் நல்லா இருக்குன்னுதான் வந்துச்சு. பழசத் திரும்பப் பார்க்கணும், புதுசாவும் ஒண்ணு குடுக்கணும்... ஏன்னா பார்த்ததுல தப்பு. ஆமா. தப்பு."

மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். நாத்தனார் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"திரும்ப யாரு பார்ப்பாங்கன்னு கேக்குறா."

தைலக்காரர் வெள்ளிக்கிழமையே ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அவர் மேஜை காலி. திங்கட்கிழமை போனால் அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலியில்தான் ஆள் இருக்கும்.

"வேற யாரும் இல்லண்ணி," என்றாள் சோடாபுட்டி. "நான்தான்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். மன்னித்துவிட்ட பார்வை என்று சொல்ல முடியாது. பிறகு கையை எடுத்துவிட்டுப் போனில் சொன்னாள்.

"என் தம்பி பொண்டாட்டிதான் பார்ப்பா. இந்தத் தடவ மெதுவாப் பார்ப்பா."

பேச்சு முடிந்தது. நாத்தனாருக்கு மூச்சு இரைத்தது. தலையணையில் சாய்ந்து, போனை அவள் பக்கம் நீட்டினாள்.

"அடுத்தவளுக்கு நீ பேசு. உன் வாயால சொல்லு."